கரிசல் சாலையில் ஒரு பாண்டு மெட்டு

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் பேருந்தில் அரை மணி நேரத் தொலைவுதான். ஊர் எல்லையில் தீப்பெட்டி ஆலைகள் குறையத் தொடங்கியதும் சாலையின் இரு பக்கமும் கரிசல் விரிகிறது. ஐப்பசி மழைக்குப் பின் வருபவர்கள் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் பருத்தியும் பசேலென்று நிற்பதைப் பார்ப்பார்கள். சித்திரையில் வருபவர்கள் பார்ப்பது பாளம் பாளமாக வெடித்த தரையையும் ஓடையோரத்துச் சீமைக் கருவேலத்தையும்தான். இந்தச் சாலையில் வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் பாரதி பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்க்க வருகிறார்கள். வரவேண்டியதுதான். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அதே ஊரில்தான். சொல்லுக்குப் பேர்போன வட்டாரம் இது. கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்ற ஒரே சிற்றூர் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்திருக்கிறது. ஆனால் இதே வட்டாரத்தில் சொல் இல்லாத இசைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வாத்தியத்தில் பிறந்து வாத்தியத்தில் வாழும் ஒரு மெட்டு எப்படிக் காலத்தைக் கடக்கிறது, கடக்கும்போது எதை இழக்கிறது என்ற கேள்விக்கு இந்தச் சாலை தரும் அளவு சான்றுகளைத் தமிழ்நாட்டில் வேறு சாலை தருமா என்பது சந்தேகம்.

கேள்வியின் பொருள் விளங்க, முதலில் கொஞ்சம் தொலைவுக்குப் போகவேண்டும். உலகில் எங்கே கிட்டார் கற்றாலும் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் ஒரு சிறு படைப்பு உண்டு. ‘ரொமான்ஸ்’ என்று அழைக்கப்படும் ஸ்பானிய மெட்டு அது. பாடல் வரி கிடையாது. மேல் தந்தியில் மெட்டு நடக்க, கீழே மும்மூன்றாக ஸ்வரங்கள் உருண்டுகொண்டிருக்கும். 1952-இல் வந்த ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்துக்காக நர்சிசோ யெப்பெஸ் அதை வாசித்த பிறகு உலகமெங்கும் பரவியது. சிறுவயதில் தாமே இயற்றியது என்று யெப்பெஸ் சொல்லிவந்தார். ஆனால் அவர் பிறந்த 1927-க்கு முன்பே அந்த மெட்டு அச்சிலும் ஒலிப்பதிவிலும் வந்துவிட்டது. ஆசிரியர் என்று வேறு சில பெயர்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன, எதுவும் உறுதியாகவில்லை. கோடிக்கணக்கான விரல்கள் அறிந்த மெட்டுக்கு ஆசிரியர் இல்லை. நம் பக்கத்து நிலைமையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் கிட்டாரைத் தொடும் இளைஞர்கள் ஆசையோடு வாசித்துப் பார்க்கும் முன்னிசைகளில் ஒன்று, 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வுக்கு உரியது. இசையமைத்த இளையராஜாவைத் தெரியும், பாடிய எஸ். பி. பாலசுப்ரமணியத்தைத் தெரியும், எழுதிய வைரமுத்துவைத் தெரியும். ஸ்டுடியோவில் அந்தக் கிட்டாரைக் கையில் வைத்திருந்த ஆர். சந்திரசேகரை எத்தனை பேருக்குத் தெரியும்? என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. வாத்திய இசை நம்மிடையே பெரும்பாலும் ஒரு சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் பிழைக்கிறது. அந்தத் துணை அதைக் காப்பாற்றுகிறது; காப்பாற்றும்போதே வாசித்தவரை மறைத்தும் விடுகிறது. இரண்டும் ஒருசேர நடந்த இடம் கரிசல் பூமி.

எட்டயபுரத்து அரண்மனை இன்று பழைய பொலிவோடு இல்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய இசையின் முக்கியமான முகவரிகளில் ஒன்றாக அது இருந்தது. காரணம் ஒரு குடும்பம். திருவாரூரில் இருந்த ராமஸ்வாமி தீட்சிதரையும் அவர் மக்களையும் சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்கு அழைத்துச் சென்று ஆதரித்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷியாக இருந்த முத்துக்கிருஷ்ண முதலியார். அங்கிருந்த நாட்களில் அந்தப் பிள்ளைகள் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியர்களின் பாண்டு இசையைக் கேட்டார்கள். அண்ணன் முத்துஸ்வாமியின் காதில் மெட்டுகள் தங்கின. தம்பி பாலுஸ்வாமியின் கண் வயலின் மேல் விழுந்தது. ஐரோப்பியர் ஒருவரிடம் முறையாகக் கற்று அந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். பாலுஸ்வாமி பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகி 1859-இல் மறையும் வரை அந்த அரண்மனையோடு இருந்தார். அண்ணனும் தம் கடைசி நாட்களில் இங்கே வந்து 1835 தீபாவளியன்று காலமானார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. வழியில் வறண்டு கிடந்த கரிசலைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை வருவித்தார் என்ற ஐதிகத்தை இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். மழை வந்ததோ இல்லையோ, வானம் பார்த்த பூமி ஒரு பாட்டைத் தன் நினைவில் எந்தக் காரணத்துக்காக வைத்திருக்கிறது என்பதை அந்த ஐதிகம் காட்டுகிறது.

கோட்டையில் கேட்ட பாண்டு மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர் பெற்ற அந்த உருப்படிகள் சுமார் 40 கிடைக்கின்றன. எல்லாம் சங்கராபரண மேளத்தின் ஸ்வரங்களில், கமகம் இல்லாமல், படிப்படியாக ஏறி இறங்குபவை. ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற உருப்படியின் மெட்டு பிரிட்டிஷ் அரசர் வாழ்த்துப் பாட்டின் மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’யின் மெட்டு, அயர்லாந்தின் மேலோ என்ற ஊர்ப் பெயரைத் தாங்கிய ஓர் ஆட்ட மெட்டு, 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அச்சேறியது. பிடிலிலும் குழலிலும் வாசிக்கப்பட்டு, படையணிகளோடு கப்பலேறி, சென்னைக் கோட்டைக்குள் வந்து இறங்கிய அந்த மெட்டு, அங்கிருந்து மதுரை மீனாட்சியின் துதியாகிவிட்டது. அயர்லாந்து மெட்டை இங்கே யாரும் அயர்லாந்துக்காக நினைவில் வைக்கவில்லை. மீனாட்சியின் பெயர் அதில் ஏறியதால் வைத்தார்கள். பாட்டு வகுப்புக்குப் போகும் சிறுபிள்ளைகள் இன்றும் அதைப் பாடுகிறார்கள். பாண்டில் அதை வாசித்த சிப்பாய் யார், என்ன வாத்தியம் வைத்திருந்தான், அதை எந்த வேகத்தில் வாசித்தான் என்பதெல்லாம் போய்விட்டது. மெட்டு நின்றது, வாசித்தவன் நிற்கவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நோட்டுஸ்வரங்களை உருவாக்கிய இடம் மணலியும் சென்னையும்; எட்டயபுரத்துக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பிறந்த இடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் எட்டயபுரத்துக்குப் பங்கில்லைதான். ஆனால் ஒரு மெட்டின் வரலாற்றில் பிறந்த நாளைவிட, அது காணாமல் போயிருக்கக்கூடிய நாட்கள் முக்கியம். தீட்சிதர் மறைந்த 1835-க்கும் அந்த உருப்படிகள் ஸ்வரக் குறிப்போடு நூலில் வந்த காலத்துக்கும் இடையே சுமார் 70 ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் பாலுஸ்வாமியும், அவருக்கு மகள் வழிப் பேரனாகவும் சுவீகார மகனாகவும் அமைந்த சுப்பராம தீட்சிதரும் இந்தக் கரிசல் சமஸ்தானத்தில் உட்கார்ந்து குடும்பச் சொத்தைக் காத்தார்கள். சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசையை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் அச்சிடும் முயற்சியில் தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவழித்தவர். அவர் கிறிஸ்தவர் என்பதை இங்கே சொல்லவேண்டும்; இந்தச் சங்கீதத்தை அச்சில் காப்பாற்றிய கைகள் எல்லாம் ஒரே சமூகத்தின் கைகள் அல்ல. அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் மன்னரின் பொருளுதவியும் சேர்ந்ததால் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரம் வித்யாவிலாசினி அச்சுக்கூடத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி. அந்தக் குறிகளுக்கான அச்சுக்களைத் தயார் செய்து, பிழை திருத்தி முடிப்பது அந்நாளில் சென்னையிலேயே பெரும்பாடு. அதைச் செய்து முடித்த ஊர் இது. அடுத்த ஆண்டில் மாணவர்களுக்காக அவர் வெளியிட்ட பயிற்சி நூலில் நோட்டுஸ்வரங்கள் இடம்பெற்றன. 1906-இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். இரண்டு ஆண்டு தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் எட்டயபுரத்தின் பங்கு விளங்கும்.

இன்னொரு மறுப்பு இசையைப் பற்றியது அல்ல, மண்ணைப் பற்றியது. கோவில்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் இருக்கிறது கயத்தாறு. 1799 அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மனைக் கம்பெனிப் படை தூக்கிலிட்ட ஊர். எட்டயபுரத்தார் அந்தப் போரில் கம்பெனியின் பக்கம் நின்றார்கள். பாஞ்சாலங்குறிச்சி 1801-இல் மீண்டும் வீழ்ந்தது. அந்தப் படையின் முரசும் குழலும் எழுப்பிய ஓசைதான் கோட்டை பாண்டின் ஓசையும். அப்படியிருக்க, அந்த மெட்டில் அம்பாளைப் பாடியது அடிபணிதல் இல்லையா? அதைக் காத்த சமஸ்தானத்தைப் பாராட்டுவது, காட்டிக்கொடுத்ததை மறப்பது ஆகாதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுக் கரிசலில் இசை பேசக்கூடாது. சமஸ்தானத்தின் அரசியலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த நூலுக்குச் செலவான பணம் மழை தவறிய ஆண்டுகளிலும் பருத்தி, கம்பு, சோளம் விளைவித்தவர்களிடம் பெற்ற தீர்வையிலிருந்து வந்தது என்பதையும் மறைக்கவேண்டாம். ஆகவே அதை மன்னர் தந்த கொடை என்பதோடு கரிசல் சம்சாரிகள் சுமந்த செலவு என்றும் எழுதுவதுதான் நியாயம். ஆனால் மெட்டைப் பொறுத்தவரை அடிபணிதல் என்ற விளக்கம் பொருந்தவில்லை. அரசர் வாழ்த்தின் மெட்டில் அரசர் பெயரை எடுத்துவிட்டு சியாமளையின் பெயரை வைத்தார் தீட்சிதர். படைக்கு நடை போடப் பயன்பட்ட தாளத்தில் குருகுகன் என்னும் தம் முத்திரையைப் பதித்தார். அதை எதிர்ப்பு என்று கொண்டாடவும் என்னிடம் ஆதாரமில்லை. காதில் விழுந்த நல்ல மெட்டைத் தனக்கு வேண்டிய வேலைக்கு எடுத்துக்கொண்ட கலைஞனின் செயல் அது. ஜெயித்தவனின் வாத்தியமான வயலினையும் தம்பி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இன்று அது இல்லாமல் கச்சேரி மேடை இல்லை.

சொல் இல்லாமலே நிற்கும் வாத்திய இசை உண்டே என்ற மறுப்புதான் எனக்குக் கடினமானது. மல்லாரிக்கு என்ன சாகித்தியம்? கம்பீர நாட்டையில் நாதஸ்வரமும் தவிலும் எழுப்பும் அந்த இசை தலைமுறை தலைமுறையாகச் சுவாமி புறப்பாட்டில் ஒலித்துவருகிறது. அதற்குச் சொல் தேவைப்படவில்லை; புறப்பாடு தேவைப்பட்டது. வீதியில் சுவாமி வரும்வரை மல்லாரி இருக்கும். ஆக, சொல்லின் வேலையைச் சடங்கும் செய்யும் என்று என் வாதத்தை விரிவாக்கிக்கொள்கிறேன். ஆனால் சடங்கு என்னும் துணையும் அதே விலையைத்தான் கேட்கிறது. இயற்றியவர் பெயரோடு எத்தனை மல்லாரிகள் நமக்குத் தெரியும்? திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்டு’ இதற்குச் சற்று விலகி நிற்கும் எடுத்துக்காட்டு. அதிலும் பாடல் வரி இல்லை, ஸ்வரம் மட்டுமே. ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது மதுரை மணி அய்யரின் குரல். கச்சேரி முடிவில் அதைக் கேட்டு ரசித்தவர்கள் பின்னாளில் கல்யாண வீட்டு நாதஸ்வரக்காரரிடமும் கேட்டார்கள். வாத்தியத்துக்கே உரிய ஓர் உருப்படிக்கும் ஒரு பாடகர் வழித்துணையாக வேண்டியிருந்தது.

இந்த வழித்துணையின் மிகப் பெரிய சான்று கோவில்பட்டியிலேயே இருக்கிறது. 1921-இல் பிறந்த காருகுறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர். பிறந்தது தாமிரபரணிப் பாசனத்து வயல் ஊரில். குடியேறி வாழ்ந்தது வறண்ட கோவில்பட்டியில். தஞ்சை நெல் வயல்களின் செல்வத்தில் வளர்ந்த நாதஸ்வர பாணி பருத்தி வியாபாரிகளின் ஊரில் வந்து தங்கியதற்குக் காரணம் புரியாததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நூற்பாலை வந்துவிட்ட ஊர் இது. ரயில் நிலையம், சந்தை, தீப்பெட்டித் தொழில் என்று கையில் பணம் புழங்கிய ஊர். செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கும் சுற்றுக் கிராமக் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் பெரிய மேளம் வைப்பது கௌரவமாக இருந்தது. 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது. ஜெமினி கணேசன் நாதஸ்வரக் கலைஞராக நடித்த படம். அதில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்து, கு. மா. பாலசுப்ரமணியம் எழுதி, எஸ். ஜானகி பாடிய ‘சிங்கார வேலனே தேவா’வில் ஒலிப்பது காருகுறிச்சியாரின் நாதஸ்வரம். ஆபேரி ராகத்தில் குரல் ஒரு வரி போட, நாதஸ்வரம் அதை வாங்கி வளர்க்கும்; நாதஸ்வரம் ஒரு ஸ்வரக் கோவையை வீச, குரல் அதைத் துரத்தும்.

அந்தப் பாட்டின் இரண்டாம் பாதியைக் கவனித்துக் கேட்டால் வேறொன்று புலப்படும். மெட்டை முன்னே கொண்டுசெல்வது குரலல்ல. நாதஸ்வரம்தான் தூரத்தை நிர்ணயிக்கிறது. குரல் அந்தத் தூரத்தை எட்டிக் காட்டுகிறது. ஜானகியின் சாதனை இதனால் குறையவில்லை. குழலும் சீவாளியும் சேர்ந்து தரும் விரைவைத் தொண்டையில் கொண்டுவருவது எளிய காரியமா? ஆனால் அந்த ஒலிப்பதிவு பெயரளவில் பாட்டு, இயல்பில் வாத்திய இசை. தமிழர்கள் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் நாதஸ்வர உருப்படி அது. அதைப் பாட்டாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பாட்டுப் போட்டி மேடைகளில் பாடகிகள் அதை எடுக்கும்போது நாதஸ்வரப் பகுதியைக் கீபோர்டில் ஒப்பேற்றிவிடுகிறார்கள், கேட்பவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். குரலைக் கருவியால் ஒப்பேற்றினால் ஒத்துக்கொள்வார்களா? காருகுறிச்சியார் 1964-இல் நாற்பத்து மூன்று வயதுக்குள் மறைந்தார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. மணிக்கணக்கில் அவர் கோயில்களில் ஆலாபனை செய்ததில் நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளிலும் வானொலியிலும் தங்கிய பகுதி மட்டுமே. அதிலும் ஊரறிந்தது, சொல்லோடு சேர்ந்து வந்த அந்தச் சில நிமிடங்கள்.

சொல் தமிழின் உயிர், அதனோடு சேர்ந்து இசை வாழ்வதில் என்ன குறை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எட்டயபுரத்திலேயே பிறந்த பாரதி, பொருள் புரியாத பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடும் வித்வான்களைக் கண்டித்து எழுதியவர். பாட்டில் உணர்ச்சியும் பொருளும் வேண்டும் என்ற அவருடைய கோரிக்கை சரியானது; அதோடு எனக்குச் சண்டையில்லை. சொல்லைக் குறைத்து மதிக்கவேண்டும் என்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. சொல்லுக்குக் கொடுக்கும் முகவரியை வாத்தியத்துக்கும் கொடுக்கவேண்டும் என்றுதான் கேட்கிறது. எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் என்று மூன்று பெயர் சொல்லிப் பழகிய நாம் வாசித்தவர் என்று நான்காவது பெயரைச் சேர்ப்பதில் யாருக்கு நஷ்டம்? ‘ரொமான்ஸ்’ மெட்டின் வரலாறு இங்கே பாடமாகிறது. அதற்குச் சொல்லும் இல்லை, சடங்கும் இல்லை. கிட்டார் கற்பிக்கும் முறையே அதைச் சுமந்து வந்தது. பெயரைக் குறித்துவைக்க யாரும் அக்கறைப்படாததால் நூறு ஆண்டுக்குப் பிறகு ஆய்வாளர்கள் பழைய மெழுகு உருளைப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நம் திரைப்பாடல்களில் வாசித்தவர்களின் பெயர்கள் அந்த நிலைக்குப் போக அதிக காலம் ஆகாது. ஸ்டுடியோக் கலைஞர்களின் முதல் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது.

எட்டயபுரத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் விளாத்திகுளம். என் வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை அங்கே இருக்கிறது. விளாத்திகுளம் சுவாமிகள் என்று அறியப்பட்ட நல்லப்ப சுவாமிகள் பாடகர்தான், ஆனால் கீர்த்தனையைவிட ராக ஆலாபனைக்குப் பேர்போனவர். சொல்லின்றி ராகத்தை மட்டும் மணிக்கணக்கில் பாடக்கூடியவர், குரலையே வாத்தியமாக்கியவர். அவரிடம் சொல் என்னும் துணை இல்லை, புறப்பாடு என்னும் சடங்கு இல்லை, சுப்பராம தீட்சிதரைப் போல ஸ்வரப்படுத்தி எழுதியவர்கள் இல்லை. அவர் பாடிய ஆலாபனைகள் காற்றோடு போயின. இன்று அவரை நாம் அறிவது பெரும்பாலும் அவரை நேரில் கேட்டு வளர்ந்த கி. ராஜநாராயணன் போன்றோர் எழுதியதால்தான். எப்படிப் பாடினார் என்பதை எழுத்து காக்கவில்லை, அதனால் முடியாது. இப்படி ஒருவர் இருந்தார் என்பதைக் காத்தது. இதில் எனக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. இசை பிழைப்பதும் இசைத்தவர் பிழைப்பதும் வேறு வேறு. நோட்டுஸ்வரத்தில் மெட்டு பிழைத்தது, வாசித்தவர் போனார். சுவாமிகள் விஷயத்தில் இசைத்தவர் பிழைத்தார், இசை போயிற்று. காருகுறிச்சியாரிடம் இரண்டும் பாதி பாதி.

இரண்டும் முழுதாகப் பிழைக்க வழி இருக்கிறதா என்று தேடினால், அதற்கான மூலப்பொருள் கரிசல் கிராமங்களிலேயே கிடக்கிறது. இந்தப் பக்கத்து அம்மன் கோயில் கொடைகளுக்கும் தேர்த் திருவிழாக்களுக்கும் நோட்டீஸ் அடிப்பது பழைய வழக்கம். மஞ்சள், ரோஸ் நிறத் தாளில், உபயதாரர் பட்டியலுக்கு மேலே, இன்ன ஊர் இன்னார் குழுவினரின் நாதஸ்வரம், இன்னார் தவில், இன்னார் நையாண்டி மேளம் என்று அச்சிட்டிருப்பார்கள். வாசிப்பவரின் பெயரும் ஊரும் வாசித்த நாளும் நேரமும் ஒரே தாளில் சேர்ந்து வரும் ஆவணம் அது. திரைப்படத் தட்டுகளின் உறையில்கூட இல்லாத விவரம். கொடையைப் பதிவு செய்த ஒலிநாடாக்களும் பிற்கால வீடியோக்களும் ஒலிபெருக்கி செட் வைத்திருந்தவர்கள் வீடுகளிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். நோட்டீஸ்களை ஊர்வாரியாக, ஆண்டுவாரியாகச் சேர்த்து, கிடைக்கிற ஒலிப்பதிவுகளோடு பொருத்தினால் காருகுறிச்சியாருக்குப் பின் கரிசலில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்ற வரலாற்றை எழுதிவிடலாம். எட்டயபுரத்தில் அன்று ஒரு முதியவர் தனியாகச் செய்த வேலையைவிட இது சிறிய வேலைதான். கோவில்பட்டியின் கல்லூரி ஒன்றோ நூலகம் ஒன்றோ இதைத் தொடங்கலாம். நோட்டீஸ் தாள் மலிவானது. இரண்டு மழைக்காலம் ஒழுகும் பரணில் கிடந்தால் எழுத்து அழிந்துவிடும்.